கலகக்காரனை மன்னித்தவர், மகனைக் கைவிட்டவர்: ஜான் ஆடம்ஸின் ஆட்சியும் வீடும் (விவாத இழை)

நெய்தல்நிலவன்:
அமெரிக்காவின் 2ஆவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் பற்றி ஒரு இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாஷிங்டன், ஜெபர்சன் பற்றியெல்லாம் இங்கே பக்கம் பக்கமாகப் பேசிவிட்டோம். இவர் 1797 மார்ச் முதல் 1801 மார்ச் வரை ஒரே ஒரு முறை பதவியில் இருந்தவர் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

என்னை உறுத்துவது இரண்டு சம்பவங்கள். இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள்தான் இடைவெளி.

1799 அக்டோபர். பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியதால் அரசாங்கம் தற்காலிகமாக ட்ரென்டன் நகரத்துக்கு மாறியிருந்தது. மாசசூசெட்ஸில் தம் சொந்த ஊரான குவின்சியிலிருந்து அங்கே போகும் வழியில், நியூயார்க்குக்கு அருகில் இருந்த மகள் நாபியின் வீட்டில் ஆடம்ஸ் இறங்கினார். இரண்டாவது மகன் சார்லஸின் மனைவி சாலி, குழந்தைகளோடு அங்கேதான் இருந்தாள். சார்லஸ் குடியில் மூழ்கிவிட்டான், கடன், வீட்டுக்கே வருவதில்லை என்று மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஆடம்ஸ் மனைவி அபிகெயிலுக்கு எழுதிய கடிதத்தில், பைபிளில் தந்தைக்கு எதிராகவே கலகம் செய்த தாவீதின் மகன் அப்சலோமுக்காவது ஒரு லட்சியம் இருந்தது, என் மகனுக்கு அதுவும் இல்லை என்று எழுதி, அவனை நான் கைவிட்டேன் என்று முடித்துவிட்டார்.

1800 மே. வரி கட்ட மாட்டோம் என்று ஆயுதத்தோடு திரண்டு, கைதிகளை விடுவித்த குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஜான் ஃப்ரைஸ் என்பவரையும் இன்னும் இருவரையும் அதே ஆடம்ஸ் மன்னித்தார். அமைச்சர்கள் தூக்கில் போடச் சொல்லியும் கேட்கவில்லை.

முன்பின் தெரியாத கலகக்காரனுக்குக் கிடைத்தது பெற்ற மகனுக்குக் கிடைக்கவில்லை. இந்த மனிதரை எப்படிப் புரிந்துகொள்வது? அவருடைய உள்நாட்டுக் கொள்கைகளையும் சேர்த்தே பேசுவோம்.

பழையஏடு:
நல்ல தொடக்கம், நிலவன். ஃப்ரைஸ் கலகம் பலருக்குத் தெரியாது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1798இல் பிரான்சோடு போர் வரும் என்ற பயம். அறிவிக்காத கடல் சண்டை நடந்துகொண்டிருந்தது. கடற்படைக்கென்று தனி அமைச்சகம் அந்த ஏப்ரலில்தான் உருவானது. இதற்கெல்லாம் பணம் வேண்டுமே? ஜூலையில் 20 லட்சம் டாலர் திரட்ட நேரடி வரி ஒன்றைப் போட்டார்கள். வீடு, நிலம், அடிமைகள் மூன்றின் மீதும். 100 டாலருக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்கு மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும். எளிய வீட்டுக்குக் குறைவு, மாளிகைக்கு அதிகம். அந்தக் காலத்துக்கு இது நியாயமான ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் மதிப்பிட வந்தவர்கள் வீட்டின் ஜன்னல்களை எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். கிழக்குப் பென்சில்வேனியாவின் ஜெர்மன் விவசாயிகளுக்கு இதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஜன்னலுக்கு வரியா என்று ஊரே பேசியது. பெண்கள் மாடியிலிருந்து அதிகாரிகளின் தலையில் வெந்நீரை ஊற்றினார்கள். மறுத்தவர்களைப் பிடித்து பெத்லகேம் ஊரில் ஒரு விடுதியில் அடைத்து வைத்தபோது, 1799 மார்ச்சில் ஃப்ரைஸ் ஆட்களோடு போய் அவர்களை விடுவித்தார். ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை, ஒரு உயிர் கூடப் போகவில்லை. இந்த ஃப்ரைஸ் ஊர் ஊராகப் போய் ஏலம் போடுகிறவர். 1794இல் விஸ்கி வரிக் கலகத்தை அடக்கப் போன அரசுப் படையில் இருந்தவரும் இவரே!

இரண்டு முறை விசாரணை. முதல் தீர்ப்பு, ஜூரி ஒருவர் முன்கூட்டியே ஃப்ரைஸுக்கு எதிராகப் பேசியிருந்தார் என்று தெரிந்ததால் ரத்தானது. இரண்டாவதிலும் தேசத்துரோகம், தூக்கு. ஆடம்ஸ் தாமே வழக்கறிஞர். வழக்கின் தாள்களை வரவழைத்துப் படித்து, இது கலவரம், போர் தொடுப்பது வேறு என்ற முடிவுக்கு வந்தார். தேர்தல் வருடத்தில், தம் கட்சிக்காரர்கள் கோபப்படுவார்கள் என்று தெரிந்தே செய்தார். என்னைக் கேட்டால் அவர் ஆட்சியின் மிகச் சிறந்த நாள் அது.

கயல்விழி_மதுரை:
மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது ராஜதுரோகச் சட்டத்தை விட்டுவிட்டால் எப்படி? 1798 ஜூலை 14 அன்று கையெழுத்துப் போட்டவர் இதே மனிதர். அரசையோ, காங்கிரஸையோ (அமெரிக்க நாடாளுமன்றம்), ஜனாதிபதியையோ அவமதித்துப் பொய்யாக எழுதினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை ஜனாதிபதியை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஏனென்றால் அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சியின் ஜெபர்சன். அவரை யார் வேண்டுமானாலும் திட்டலாம்! காலாவதி நாள் 1801 மார்ச் 3, அதாவது ஆடம்ஸ் பதவிக்காலத்தின் கடைசி நாள். இதைவிடத் தெளிவாக ஒரு கட்சிச் சட்டத்தை எழுத முடியாது.

வெர்மான்ட் மாநில எம்.பி. மேத்யூ லயன், ஆடம்ஸுக்கு ஆடம்பரத்திலும் முகஸ்துதியிலும் தீராத ஆசை என்று எழுதினார். 4 மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறைக்குள் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு அவரை விடுவிக்கும்படி ஆடம்ஸுக்கு மனு கொடுத்தார்கள். மறுத்துவிட்டார். தூக்குக் கயிற்றை அறுத்த அதே கை இங்கே ஏன் நீளவில்லை?

சட்டப்பலகை:
கயல்விழி, நீங்கள் சொன்ன லயன் மனுவில்தான் நிலவனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மனுவில் ஊரார் கையெழுத்து இருந்ததே தவிர லயன் கையெழுத்து இல்லை. அதைத்தான் ஆடம்ஸ் காரணமாகச் சொன்னார். முதலில் வருந்த வேண்டும், மன்னிப்பு அப்புறம். ஃப்ரைஸ் அப்படியில்லை, தாமே பணிந்து மனு எழுதிக் கொடுத்தார்.

இப்போது சார்லஸைப் பாருங்கள். திருந்துகிறேன் என்று அவன் வந்து நிற்கவில்லை. தந்தையும் இறங்கி வரவில்லை. நியூ இங்கிலாந்தின் கண்டிப்பான கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர் ஆடம்ஸ். பாவத்தை ஒப்புக்கொண்டால்தான் கருணை என்பது அவருக்கு ஊறிப்போன வழக்கம். நாட்டிலும் வீட்டிலும் ஒரே அளவுகோலைத்தான் வைத்தார்.

ஒரு தகவல் பிழை வராமல் இருக்க: அந்தச் சட்டத்தில் ஒரு முன்னேற்றமும் இருந்தது. எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம், முடிவை ஜூரி சொல்லும். பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் உண்மையாக இருந்தாலும் குற்றம்தான். ஆனால் ஜனாதிபதிக்கு ஆடம்பர ஆசை இல்லை என்பதையோ இருக்கிறது என்பதையோ நீதிமன்றத்தில் யார் நிரூபிப்பது? கருத்தைக் குற்றமாக்கினார்கள், அதனால் அந்தப் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றது. சட்டத்தை நான் ஆதரிக்கவில்லை.

தாமரை:
சட்டப்பலகை ஐயா, உங்கள் வாதம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சார்லஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். குடிநோயாளி இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். வருந்தி வந்து நில் என்று வாசலில் நிற்பவரால் அந்த நோய் ஒரு நாளும் குணமாகாது.

அந்தக் குடும்பத்தில் இது ஒருவரோடு நிற்கவில்லை. அபிகெயிலின் ஒரே தம்பி வில்லியம் குடியால் குடும்பத்தை விட்டு 1787இல் இறந்தார். கடைசி மகன் தாமஸும் பின்னாளில் குடியில் விழுந்தார். இன்றைக்கு எந்த மருத்துவரும் இதைப் பார்த்ததும் பரம்பரை என்று குறித்துக்கொள்வார். அன்றைக்கு அது ஒழுக்கக்கேடு.

சார்லஸின் பிள்ளைப்பருவத்தையும் யோசித்துப் பாருங்கள். 1779இல், 9 வயதில், அப்பாவோடும் அண்ணன் ஜான் குவின்சியோடும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனான். அம்மா நினைப்பில் ஏங்கிப்போனான். 1781இல் தனியாகத் திருப்பி அனுப்பினார்கள். பல மாதம் ஆனது ஊர் வந்து சேர. வீட்டில் எல்லோருக்கும் செல்லம், பழகினால் யாருக்கும் பிடித்துப்போகும் பையன் என்று குடும்பமே சொன்னது அவனைத்தான். அப்பா அதற்கப்புறமும் ஏழு வருடம் ஐரோப்பாவில். அண்ணனின் சாதனைகளை எடுத்துக்காட்டும் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பிறகு வக்கீல் ஆனான். அண்ணன் நம்பி ஒப்படைத்த சேமிப்பு அவன் கையில் கரைந்தது. அந்தக் குற்ற உணர்வில் அண்ணனுக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டான்.

பழையஏடு:
தாமரை, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆடம்ஸ் கல்நெஞ்சர் இல்லை. மகளின் கணவர் கர்னல் ஸ்மித்துக்காக எவ்வளவு ஏச்சு வாங்கினார் தெரியுமா? நில வியாபாரத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டு அலைந்த மருமகனை 1798இல் ராணுவத்தின் உயர்பதவி ஒன்றுக்கு நியமித்தார். சொந்த அமைச்சர் பிக்கரிங்கே செனட்டர்களிடம் போய் எதிராகப் பேசி அதைத் தோற்கடித்தார். சொந்தக்காரனுக்குப் பதவி என்று நாடே சிரித்தது. இருந்தும் விடவில்லை. பிற்பாடு வேறு பதவி வாங்கிக் கொடுத்தார், எல்லாம் நாபி கஷ்டப்படக் கூடாது என்றுதான்.

நெய்தல்நிலவன்:
அமைச்சரவை பற்றியும் சொல்ல வேண்டும். பிக்கரிங், வொல்காட், மெக்ஹென்றி மூவரையும் வாஷிங்டனிடமிருந்து அப்படியே ஏற்றுக்கொண்டதுதான் ஆடம்ஸ் செய்த பெரிய பிசகு. மூவரும் வழிகாட்டலுக்குக் காத்திருந்தது வாஷிங்டனின் பழைய நிதியமைச்சர், அப்போது அமைச்சரவையில் இல்லாத ஹாமில்டனிடம். ஆடம்ஸோ அபிகெயிலின் உடல்நிலைக்காக மாதக்கணக்கில் குவின்சியில் உட்கார்ந்துவிடுவார். 1799இல் மட்டும் சுமார் 7 மாதம்! வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில் வீடு யார் கைக்குப் போகும்? 1800 மேயில்தான் விழித்துக்கொண்டு மெக்ஹென்றியை ராஜினாமா செய்ய வைத்தார், மறுத்த பிக்கரிங்கை நீக்கினார். ஃப்ரைஸ் மன்னிப்பும் அதே மாதம்தான் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு மாதத்தில்தான் அவர் முழுசாக ஜனாதிபதியாக இருந்தார் என்று எனக்குப் படுகிறது.

கயல்விழி_மதுரை:
அபிகெயில் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 1776 மார்ச்சில் “பெண்களை நினைவில் வையுங்கள்” என்று கணவருக்கு எழுதினாரே, அவரை எல்லோரும் கொண்டாடுகிறோம். ராஜதுரோகச் சட்டத்தில் அவருக்கு இருந்த பங்கை ஏன் யாரும் பேசுவதில்லை? 1798 ஏப்ரலில் அக்கா மேரிக்கு எழுதிய கடிதத்தில், காங்கிரஸ் ஒரு ராஜதுரோகச் சட்டம் போட்டால் ஒழிய எதுவும் நடக்காது என்று எழுதியிருக்கிறார். ‘அரோரா’ பத்திரிகையின் பெஞ்சமின் பிராங்க்ளின் பேச், அதாவது விஞ்ஞானி பிராங்க்ளினின் பேரன், ஆடம்ஸை வயதான, குருடான, பல் போன கிழவர் என்ற ரீதியில் எழுதினார். மனைவி என்ற முறையில் வலித்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வலி சட்டமாகிவிட்டது. பேச் கைதாகி, விசாரணைக்கு முன்பே, அந்த வருடம் செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார்.

மேகலை:
கயல், அபிகெயிலை அந்த ஒரு கடிதத்தோடு நிறுத்திவிட வேண்டாம். 1797 பிப்ரவரியில், கணவர் பதவியேற்பதற்குச் சில வாரம் முன்னால், வீட்டில் வேலை பார்த்த ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பையனை ஊர் இரவுப் பள்ளிக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, இவன் வந்தால் மற்றப் பிள்ளைகள் வர மாட்டார்கள், பள்ளியே மூடிவிடும் என்றார். யாராவது உண்மையில் ஆட்சேபித்தார்களா என்று கேட்டார் அபிகெயில். தேவாலயத்தில் ஒன்றாக உட்காருகிறார்கள், நடனத்தில் அவன் வாசிக்க இவர்கள் ஆடுகிறார்கள், படிப்பு மட்டும் கூடாதா? அவனும் மற்றப் பிள்ளைகளைப் போலச் சுதந்திரமானவன், தோல் கறுப்பு என்பதற்காகப் படிப்பை மறுப்பதா? எதிர்ப்பவர்களை என்னிடம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதை அப்படியே வசனத்தோடு எழுதியிருக்கிறார், படிக்கும்போது எதிரில் நின்று கேட்பதுபோல் இருக்கும்.

ஆடம்ஸ் அடிமை வைத்துக்கொண்டதே இல்லை. முதல் 12 ஜனாதிபதிகளில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் அவரும் அவர் மகனும் மட்டுமே. ஆனால் அபிகெயிலின் அப்பா, வேமவுத் ஊர்ப் பாதிரியார், அடிமை வைத்திருந்தவர். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆடம்ஸ் ஜனாதிபதியாக இருந்தபோது அடிமை முறைக்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மை.

சட்டப்பலகை:
நல்ல கொள்கைகளில் ஒன்று விடுபட்டுவிட்டது. 1798 ஜூலை 16, நோயுற்ற மாலுமிகளுக்கான சட்டம். வணிகக் கப்பலில் வேலை செய்யும் ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலிருந்தும் மாதம் 20 சென்ட் பிடித்து, துறைமுகங்களில் மருத்துவம் பார்க்கும் ஏற்பாடு. கப்பல் தலைவர் பிடித்துச் சுங்க அதிகாரியிடம் கட்ட வேண்டும். பிற்காலத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையாக வளர்ந்தது இதன் வேர்தான். ராஜதுரோகச் சட்டத்துக்கு இரண்டே நாள் கழித்து இது. 1800 ஏப்ரலில், புத்தகம் வாங்க 5,000 டாலர் ஒதுக்கி, காங்கிரஸ் நூலகத்துக்கு வித்திட்ட சட்டமும் அவர் கையெழுத்தில் வந்ததே.

கடைசியில், 1801 ஜனவரியில் ஜான் மார்ஷலைத் தலைமை நீதிபதியாக நியமித்தது. மார்ஷல் 34 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். ஆடம்ஸ் செய்தவற்றில் நீண்ட காலம் நின்றது அதுதான்.

வடகாற்று:
இடையில் ஒரு சந்தேகம். 2025இல் ட்ரம்ப் வெனிசுவேலாக்காரர்களை நாடு கடத்தப் பயன்படுத்திய பழைய சட்டமும் ஆடம்ஸ் காலத்ததுதானா?

சட்டப்பலகை:
ஆமாம். 1798 ஜூலை 6, பகைநாட்டு அந்நியர் சட்டம். அந்தக் கோடையில் வந்த நான்கு சட்டங்களில் இன்றும் நடப்பில் இருப்பது அது ஒன்றுதான். இரண்டு உலகப் போர்களிலும் அதை எடுத்தார்கள். குடியுரிமைக்கான காத்திருப்பை 5 வருடத்திலிருந்து 14 ஆக்கிய சட்டம் 1802இல் ரத்தானது. போர் இல்லாமலே எந்த அந்நியரையும் வெளியேற்ற அனுமதித்த இன்னொன்று 2 வருடத்தில் காலாவதியானது. அதன்கீழ் ஆடம்ஸ் ஒருவரையும் நாடு கடத்தவில்லை.

தாமரை:
சார்லஸின் முடிவைச் சொல்லாமல் இந்த இழை நகரக் கூடாது.

1800 நவம்பர் 1 அன்று ஆடம்ஸ் வாஷிங்டனில் புது ஜனாதிபதி மாளிகைக்குக் குடிபோனார். முதலில் குடியேறியவர் அவரே. அபிகெயில் பின்னால் கிளம்பி வந்தார். வழியில் நியூயார்க்கில் இறங்கி சார்லஸைப் பார்த்தார். ஈரல் கெட்டு, படுக்கையில் கிடந்தான். அம்மா பார்த்துவிட்டுப் போனார். அப்பா போகவில்லை.

மாளிகையோ பாதிதான் முடிந்திருந்தது. குடியிருக்கத் தக்க அறைகள் 6 மட்டும். வேலையாட்களைக் கூப்பிட மணி கூட இல்லை. குளிரைத் தாங்க நாள் முழுக்க அடுப்பு எரிய வேண்டும், சுற்றிலும் காடு, ஆனால் விறகு வெட்ட ஆள் கிடையாது. முடியாமல் கிடந்த பெரிய வரவேற்பு மண்டபத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டார் அபிகெயில். இதையெல்லாம் நாபிக்கு எழுதிவிட்டு, யாராவது கேட்டால் இடம் அழகாக இருக்கிறது என்று அம்மா எழுதினாள் என்று மட்டும் சொல் என்கிறார்!

நவம்பர் 30 அன்று சார்லஸ் இறந்தான். வயது 30. அந்த டிசம்பரிலேயே தேர்தல் முடிவு தெரிந்தது: தேர்வாளர் வாக்குகளில் ஜெபர்சன் 73, அவர் கட்சியின் பர் 73, ஆடம்ஸ் 65. ஒரே மாதத்தில் மகனும் போய்ப் பதவியும் போயிற்று. தவறுகள் இருந்தும் எல்லோரும் அவனை நேசித்தார்கள் என்று அபிகெயில் தம் அக்காவுக்கு எழுதினார்.

நெய்தல்நிலவன்:
தாமரை அக்கா, அப்பாவும் எழுதினார். யாருக்கு என்பதுதான் ஆச்சரியம். 1801 மார்ச்சில் ஆடம்ஸ் ஊருக்குப் போன பிறகு மாளிகைக்கு வந்த ஒரு கடிதத்தை ஜெபர்சன் அனுப்பி வைத்தார். அது சார்லஸ் சம்பந்தப்பட்டது. தம்மைத் தோற்கடித்தவருக்கு ஆடம்ஸ் பதில் எழுதினார்: ஒரு காலத்தில் என் கண்ணின் மகிழ்ச்சியாக, நெஞ்சின் செல்லமாக இருந்த பிள்ளை, இளமையிலேயே போய்விட்டான், என் வாழ்க்கையின் மிகப் பெரிய துயரம் இது, உங்களுக்கு இப்படி ஒன்று நேராதிருக்கட்டும். கைவிட்டேன் என்று எழுதிய அதே பேனா இது. நான் தொடங்கிய கேள்வியில் அவரை ஒரு பக்கமாக நிறுத்தியிருந்தேன், இந்தக் கடிதம் அதற்கு இடம் தரவில்லை. இதற்குப் பிறகு 11 வருடம் இருவரும் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை.

கயல்விழி_மதுரை:
ஆடம்ஸ் எழுதவில்லை, அபிகெயில் எழுதினார்! 1804இல் ஜெபர்சனின் போலி (Polly) என்ற மகள் இறந்த செய்தி கேட்டு. 1787இல் லண்டனில் அந்தக் குழந்தையைச் சில வாரம் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். துக்கம் விசாரிக்கத் தொடங்கிய கடிதம் சண்டையில் முடிந்தது. ராஜதுரோகச் சட்டத்தில் 9 மாதம் சிறை, 200 டாலர் அபராதம் என்று தண்டிக்கப்பட்ட கேலண்டர் என்ற எழுத்தாளருக்கு ஜெபர்சன் பணம் கொடுத்ததையும், ஜனாதிபதியானதும் மன்னித்து அபராதத்தைத் திருப்பித் தந்ததையும் அபிகெயில் நேருக்கு நேர் கேட்டார். நீங்கள் வளர்த்த பாம்பு உங்களையே கடித்தது என்றார். அதற்குள் கேலண்டர் ஜெபர்சன் மீதே திரும்பி, ஜெபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸோடு அவருக்கு இருந்த உறவை 1802இல் அச்சில் ஏற்றியிருந்தார். ஜெபர்சன் பதில்: அந்தச் சட்டமே செல்லாது, அதனால் அதில் தண்டிக்கப்பட்ட எல்லோரையும் விடுவித்தேன். இதில் நான் ஜெபர்சன் பக்கம். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகே ஆடம்ஸ் இந்தக் கடிதங்களைப் பார்த்தார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அடியில் குறிப்பு எழுதி வைத்தார்.

மேகலை:
சார்லஸின் மனைவியும் குழந்தைகளும் என்ன ஆனார்கள்?

தாமரை:
மூத்தவள் சூசன்னாவை, அப்போது 4 வயது, அபிகெயில் தம்மோடு வாஷிங்டனுக்கே கூட்டிப்போனார். ஜனாதிபதி மாளிகையில் வசித்த முதல் குழந்தை அவள்தான். பிறகு சாலியும் இரண்டு பெண்களும் குவின்சி வீட்டில் ஆடம்ஸோடு இருந்தார்கள். 1811இல் நாபிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் அந்த வீட்டில்தான் நடந்தது, மயக்க மருந்து இல்லாமல். 1813இல் சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் நியூயார்க் மாநிலத்திலிருந்து வண்டியில் குலுங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தாள்.

வடகாற்று:
ஜான் குவின்சியும் ஜனாதிபதி ஆனார் அல்லவா? அவர் தம் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்? தம்பிக்கு நடந்ததைப் பார்த்தவர் ஆயிற்றே.

நெய்தல்நிலவன்:
அப்பாவைவிடக் கடுமை. மூத்த மகன் ஜார்ஜ் குடியும் கடனுமாக, 1829 ஏப்ரலில் நீராவிப் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தான். இரண்டாவது மகன் 1834இல். அது தனியாகப் பேச வேண்டிய கதை, ஜான் குவின்சியின் சாலை, கால்வாய்த் திட்டங்களையும் காங்கிரஸ் அவற்றை முடக்கியதையும் சேர்த்து வேறு இழை தொடங்குகிறேன். சட்டப்பலகை ஐயா, 1828 சுங்க வரிச் சட்டத்தை நீங்கள் எழுதித் தர முடியுமா?

சட்டப்பலகை:
எழுதுகிறேன். தென் மாநிலங்கள் அதை ஏன் அப்படி வெறுத்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும், கொஞ்சம் நீளமாக வரும்.